மன்னிப்புக்குக் கனமான இனிப்பு

அந்த வருடம் எங்கள் படிக்கட்டுக்கு நான்தான் பொறுப்பாளி. ஹமமட்சு நகராட்சிக் குடியிருப்பு, நான்காம் கட்டடம், கிழக்குப் படிக்கட்டு. தரைத்தளத்தையும் சேர்த்து ஐந்து மாடி, மாடிக்கு இரண்டு கதவு, மொத்தம் பத்து வீடு. பொறுப்பாளி வேலை ஆண்டுக்கு ஒரு வீடாகச் சுற்றி வரும். யாருக்கும் பிடிக்காது, மாட்டேன் என்று யாரும் சொல்லவும் முடியாது. குப்பை நாளில் பைகளைச் சரிபார்க்க வேண்டும். சுற்றுப் பலகையில் அறிவிப்பைச் செருகி முதல் வீட்டில் கொடுக்க வேண்டும். படித்து முத்திரை குத்தி அடுத்த வீட்டுக்கு அனுப்புவார்கள். எல்லா முத்திரையும் விழுந்த பிறகு அது என்னிடம் திரும்பி வரும்.

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அதனால் ஐந்தாம் மாடி வெளிநாட்டுக்காரர்களுக்கு. யாரும் அப்படி எழுதி வைக்கவில்லை, எப்படியோ அப்படியே அமைந்துவிடும். அங்கேதான் இவோனி ஹிகாவும் அவள் மகன் காயோவும் இருந்தார்கள். ஹிகா எங்கள் ஓகினாவாத் தீவின் அசல் பெயர். தாத்தா காப்பித் தோட்ட வேலைக்குக் கப்பலேறி பிரேசில் போனவர். பேத்தி காருக்கு வயர் கட்டும் வேலைக்கு விமானம் ஏறி இங்கே ஜப்பானுக்கு வந்தவள். முகத்தைப் பார்த்தால் எங்கள் வீட்டுப் பெண் மாதிரிதான் இருப்பாள். வாயைத் திறந்தால் போயிற்று. பேச்சைத் தொழிற்சாலையில் மேஸ்திரிகளிடம் கற்றவள், அதனால் எல்லாரையும் 'நீ' என்பாள், பெயரோடு மரியாதைக்குச் சேர்க்கும் 'சான்' கூடச் சேர்க்க மாட்டாள். எழுபத்தாறு வயது மொரிஷிதா சான், குடியிருப்போர் சங்கத்தை இருபது வருடமாக நடத்துகிறவர். அவரைப் பார்த்தும் படிக்கட்டிலிருந்து "நீ சாப்பிட்டியா?" என்று கத்துவாள்.

எனக்கு அவளைப் பிடிக்கும். பிடிக்கும் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. மற்றவர்களைப் போல நான் இல்லை பாருங்கள் என்கிற பெருமை.

என் மகன் ரியோஹெய்க்கு அப்போது பதினெட்டு வயது. பள்ளிச் சிபாரிசில் நகோயாவில் ஒரு கல்லூரியில் இடம் கிடைப்பதாக இருந்தது. டிசம்பரில் கடிதம் வரும். அதுவரை அவன் மேல் ஒரு தூசு படக்கூடாது. பட்டால் அவன் இடம் மட்டுமல்ல, அடுத்த வருடம் அந்தப் பள்ளிக்கே அந்த இடம் இல்லாமல் போகும். என் கணவரைக் கம்பெனி ஃபுகுஓகாவுக்கு மாற்றியிருந்தது. மாதம் ஒருமுறை அழுக்குத் துணியோடு வந்து, துவைத்த துணியோடு போவார்.

தீ முதலில் அக்டோபரில் வந்தது. வெள்ளிக்கிழமை பழைய காகிதம் எடுக்கும் நாள் என்பதால் வியாழன் மாலையே நாளிதழ்க் கட்டுகளை சைக்கிள் ஷெட் ஓரம் வைப்போம். ஒரு கட்டு எரிந்தது. இரண்டு வாரம் கழித்து இன்னொன்று. நவம்பர் கடைசி வியாழன், மாலை ஐந்தரை மணி, இருட்டத் தொடங்கும் நேரம், ஷெட்டே பற்றிக்கொண்டது. தரைத்தள இனாகாகி சானின் மூன்று சக்கர சைக்கிள் உருகி ஓடியது. ஓடிவந்து அணைத்த மொரிஷிதா சானுக்கு வலது கை வெந்துபோனது.

ரியோஹெய் ஆறு மணிக்கு வீட்டுக்குள் வந்தான். ஜாக்கெட்டின் ஒரு கை கருகிச் சுருங்கியிருந்தது.

"என்னடா இது வாசனை?"

"ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி லேப்மா."

அவன் படித்தது வரலாறும் இலக்கியமும். இரண்டு வருடமாக அவன் ஆய்வுக்கூடத்துப் பக்கமே போனதில்லை. அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். கைகழுவிவிட்டுச் சாப்பிட வா என்றேன்.

எங்கள் குப்பைப் பை உள்ளே இருப்பது வெளியே தெரிகிற மாதிரியானது. மேலே வீட்டுப் பெயரையும் எழுத வேண்டும். அந்த ஜாக்கெட்டைச் சமையலறைக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டி, காகிதத்தில் சுற்றி, முள்ளங்கித் தோலுக்கும் மீன் எலும்புக்கும் நடுவில் வைத்துக் கட்டினேன். திங்கட்கிழமை காலை பைகளைச் சரிபார்த்தேன். சுகியுரா என்று எங்கள் வீட்டுப் பெயர் எழுதிய பையும் சரியாக இருந்தது.

கணவருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். "நீ எதையும் பாக்கல. டிசம்பர் வரைக்கும் வாயத் தெறக்காத" என்றார்.

"அவன் கேட்டான்னா என்ன சொல்ல?"

"ஏன் எங்கிட்ட கேக்கற? உன் புள்ளைய நீதானே வளக்கற."

அவன் பரிசு வாங்கிய நாட்களில் 'என் பையன்' என்று சொன்னவரும் இவர்தான்.

ரியோஹெய்யிடம் ஒரே ஒரு தடவை கேட்டேன், ஏன் என்று. சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "எரியறப்ப கொஞ்ச நேரம் ஒண்ணுமே தோணாதும்மா. அவ்வளவுதான்." அதற்கு மேல் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. கேட்டால் அடுத்து நான் ஏதாவது செய்தாக வேண்டும்.

கீழே இனாகாகி சானுக்கு யாரையும் கேட்கவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

"நான் ஒருத்தரையும் குத்தம் சொல்லல, சுகியுரா சான். ஆனா அஞ்சர மணிக்கு சைக்கிள் ஷெட்ல தினமும் யாரு நிக்கறா? நீங்களே யோசிச்சுப் பாருங்க."

காயோதான் நிற்பான். பதினேழு வயது. பகலில் பார்சல் கிடங்கில் பெட்டி இறக்கிவிட்டு, ஐந்தரைக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு மாலைப் பள்ளிக்குப் போவான். சனிக்கிழமை காலை போலீஸ் வண்டி படிக்கட்டு வாசலிலேயே வந்து நின்றது. எல்லா வீட்டுத் திரைச்சீலையும் ஒரு விரல் அகலம் விலகியது. தீ வைத்தவன் முகம் தெரியவில்லை என்று மொரிஷிதா சான் போலீஸில் சொல்லியிருந்தார். மூன்று மணி நேரம் விசாரித்துவிட்டு, அவன் மேல் ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

"விட்டுட்டாங்களே, இனாகாகி சான்" என்றேன்.

"விட்டா செய்யலன்னு அர்த்தமா? சாட்சி பத்தலன்னு அர்த்தம்."

இனாகாகி சான் கேட்டபடி அன்று மாலை ஓர் அறிவிப்பு எழுதினேன். 'சந்தேகப்படும்படியான வெளியாட்களைக் கண்டால் உடனே தெரிவிக்கவும்.' என் கையெழுத்து அழகாக இருக்கும், எல்லாரும் சொல்வார்கள். பலகையில் செருகி அனுப்பினேன். வெளியாள் என்று எழுதும்போது என் கை நடுங்கியதாகச் சொன்னால் அது பொய்.

மறுநாள் இவோனி என் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"சுகியுரா, நீ சொல்லு. யாரும் எங்கூடப் பேச மாட்டேங்கறாங்க. காலைல வணக்கம் சொன்னா தரையப் பாக்கறாங்க. என் பையன் செய்யல. அம்மாவுக்குத் தெரியாதா?"

அம்மாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாதா அது. பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ரியோஹெய் இருந்தான்.

"போலீஸ் வண்டி வந்து எல்லாருக்கும் தொந்தரவாயிடுச்சில்ல" என்றேன். "அதுக்காக ஒரு தடவ எல்லா வீட்டுக்கும் போயி, தல குனிஞ்சு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடு. ஆறிடுவாங்க."

"செய்யாததுக்கு நான் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்?"

"தீக்கு இல்ல. தொந்தரவுக்கு. இங்க வழக்கம் அது."

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "உன் பையன போலீஸ் கேட்டா நீயும் போவியா?"

"போவேன்" என்றேன்.

நல்லெண்ணத்தில் சொன்னேனா, இல்லை, வேறு எண்ணம் எனக்குள் உட்கார்ந்து சொல்ல வைத்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லிக்கொள்வதும் ஒரு வசதிதான். வழக்கம் என்றுதான் நம்பினேன். எங்கள் தெருவில் குழந்தை அழுதாலும், ஆணி அடித்தாலும், நாய் குரைத்தாலும் போய்க் குனிந்துவிட்டு வருவோம். குனிந்தவளை யாரும் குற்றவாளி என்று நினைத்ததில்லை. ஆனால் அப்படிக் குனிந்தவர்கள் எல்லாரும் இங்கேயே பிறந்தவர்கள் என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். இனிப்பு லேசான பிஸ்கட்டாக இருக்கக்கூடாது, பயற்றை இறுக்கிச் செய்த யோகான்தான் வேண்டும். மன்னிப்புக்குக் கொண்டுபோவது கையில் கனமாக இருக்க வேண்டும். மங்கலான தாளில் சுற்ற வேண்டும், ரிப்பன் கூடாது. பையிலிருந்து வெளியே எடுத்து இரண்டு கையாலும் நீட்ட வேண்டும். மகனையும் கூட்டிப்போக வேண்டும். முக்கியமாக, 'நீ' என்று சொல்லிவிடக் கூடாது.

"எங்களால உங்களுக்குப் பெரிய தொந்தரவு வந்துடுச்சு. மன்னிச்சுடுங்க. சொல்லு பாப்போம்."

"எங்களால உனக்கு..."

"உங்களுக்கு."

"உங்களுக்கு" என்றாள். தன் எழுத்தில் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, பரீட்சைக்குப் போகிற குழந்தை மாதிரி பதினைந்து தடவை சொல்லிப் பார்த்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு, இழவுக்குப் போடுகிற கறுப்பு உடையில் இறங்கி வந்தாள். பின்னால் வெள்ளைச் சட்டையில் காயோ, முகம் கல்லாக இருந்தது. ஒன்பது கதவு. இரண்டாம் மாடியில் என் கதவுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு மணியையும் கேட்டேன். கடைசியாக என் வீட்டு மணி அடித்தது. ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள். அவளைவிட ஆழமாக, அவளைவிட வெகுநேரம் காயோ குனிந்து நின்றான். அவன் பின்கழுத்து சிவந்திருந்தது. பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். கனமாகத்தான் இருந்தது.

சாயங்காலத்துக்குள் கட்டடம் தீர்ப்பு எழுதிவிட்டது.

"பாத்தீங்களா, ஒத்துக்கிட்டாங்க!" என்றாள் இனாகாகி சான், வாயில் யோகான். "செய்யாதவ எதுக்கு இவ்வளவு ஒசத்தி சரக்கத் தூக்கிட்டு ஒன்பது வீடு ஏறி எறங்கறா?"

"அது போலீஸ் வந்த தொந்தரவுக்கு..."

"நீங்க ரொம்ப நல்லவங்க, சுகியுரா சான். அதான் இப்படிப் பேசறீங்க."

அதோடு நிறுத்திக்கொண்டேன். நல்லவள் என்ற பெயர் கிடைத்த இடத்தில் மேற்கொண்டு பேச எனக்கு மனம் வரவில்லை.

யாரோ பார்சல் கிடங்குக்குப் போன் செய்தார்கள். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று அவனை அனுப்பிவிட்டார்கள். யாரோ மாலைப் பள்ளிக்கும் சொன்னார்கள். கொஞ்ச நாள் வீட்டிலிருந்து படி என்றார் ஆசிரியர். வியாழக்கிழமை தோறும் ஐந்தாம் மாடிக் கதவுக்கு முன்னால் ஒரு நாளிதழ்க் கட்டு இருந்தது, மேலே ஒரு தீப்பெட்டியோடு. இவோனி அதைத் தூக்கிக்கொண்டு ஐந்து மாடி இறங்கி வந்து ஷெட் ஓரம் வைப்பாள். தீ அதற்குப் பிறகு வரவில்லை. அதையும் அவனுக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள்.

டிசம்பரில் கடிதம் வந்தது. கணவர் ஃபுகுஓகாவிலிருந்து வந்து சுஷித் தட்டு வரவழைத்தார். "என் பையன்" என்று இரண்டு தடவை சொன்னார். ரியோஹெய் இரண்டு துண்டு தின்றுவிட்டு எழுந்து போனான்.

ஜனவரி கடைசியில் இவோனி சுற்றுப் பலகையைக் கொண்டுவந்து கொடுத்தாள். குன்மாவில் நாத்தனார் வீட்டுக்குப் போகிறார்களாம். பலகையில் செருகியிருந்த பழைய அறிவிப்புகளில் நான் எழுதிய அதுவும் இருந்தது. வெளியாட்களைக் கண்டால் தெரிவிக்கவும். அதன் கீழே அவளுடைய ஹிகா முத்திரை, கட்டத்துக்குள் நேராக, நான் சொல்லிக்கொடுத்த மாதிரி.

"சுகியுரா, நீ சொன்ன மாதிரியேதான் செஞ்சேன்" என்றாள். கோபமே இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டாள். "எந்த எடத்துல தப்புப் பண்ணேன்? குனிஞ்சது பத்தலயா? பெட்டி சின்னதாப் போச்சா?"

"இல்ல. நீ சரியாத்தான் செஞ்ச."

"அப்புறம் ஏன்?"

நான் பலகையில் முத்திரைகளை எண்ணத் தொடங்கினேன்.

"காயோ எங்கூடப் பேசறதில்ல" என்றாள். "'நான் செய்யலன்னு உனக்குத் தெரியும்ல, அப்புறம் ஏம்மா என்னக் குனிய வெச்ச'ன்னு கேக்கறான். ஊர் சொன்னதக்கூட அவன் பெருசா எடுத்துக்கல. அம்மாவே நம்பலன்னு நெனச்சுட்டான்."

அவள் படியேறிப் போனாள். திரும்பினால், ரியோஹெய் அறைக் கதவு திறந்திருந்தது. அவன் எல்லாவற்றையும் கேட்டிருந்தான்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு காலை அவன் பள்ளிச் சீருடையில் வந்து நின்றான். ஞாயிற்றுக்கிழமை. கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தான்.

"நான் சொல்லிடறேம்மா. போலீஸ்ல."

"காலேஜ்?"

"போனாப் போகுது."

அவ்வளவு நேராக அவன் முதுகை நான் பார்த்ததே இல்லை. அப்போதே செருப்பை மாட்டிக்கொண்டு அவனோடு கிளம்பியிருந்தால் இந்தக் கதை வேறு. ஆனால் நான் இந்தக் கட்டடத்துக்காரி. முதலில் அக்கம்பக்கம், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

"மொதல்ல நான் எல்லா வீட்டுக்கும் போயிட்டு வரேன். அதுதான் மொற. அவங்க நியூஸ்ல பாத்துத் தெரிஞ்சுக்கக் கூடாது. அப்புறம் ரெண்டு பேரும் போலாம்."

"நானும் வரேன்."

"நீ இங்கயே இரு."

இவோனியைப் பிள்ளையோடு போகச் சொன்னவள் நான். என் பிள்ளையை வீட்டில் உட்கார வைத்தேன்.

அவள் வாங்கிய அதே கடையில், அதே யோகான், எட்டுப் பெட்டி. ஐந்தாம் மாடியில் அவர்கள் வீடு காலி. முதலில் இனாகாகி சான். பெட்டியைப் பையிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் நீட்டிக் குனிந்தேன்.

"எங்களால உங்களுக்குப் பெரிய தொந்தரவு வந்துடுச்சு. மன்னிச்சுடுங்க."

"ஐயையோ! நீங்க எதுக்கு?" இனாகாகி சானுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "அந்த பிரேசில்காரங்க பண்ணதுக்குப் பொறுப்பாளின்னு நீங்க வந்து குனியறீங்களே. இந்தக் காலத்துல யாரு இப்படி இருக்காங்க!"

"இல்ல, அது..."

"போதும் போதும். ஒண்ணும் சொல்லாதீங்க. உங்களுக்குத்தான் எவ்வளவு கஷ்டம் அவங்களால."

இவோனி சொன்ன அதே வார்த்தைகள். அதே குனிதல், அதே பெட்டி. அவளுக்கு அது குற்ற ஒப்புதல், எனக்கு அது நற்சான்று. என் பையன் என்று இன்னும் ஒரு சொல் சேர்த்திருந்தால் போதும். ஏழு வீட்டிலும் அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஏழு வீட்டிலும் அவர்கள் எனக்கு நன்றி சொன்னார்கள். எனக்கு என்னையே பிடிக்கவில்லை. ஆனாலும் பாருங்கள், ஒவ்வொரு கதவு சாத்தும்போதும் உள்ளே எங்கேயோ ஒரு மூச்சு விட்டேன்.

கடைசிக் கதவு, மூன்றாம் மாடி, மொரிஷிதா சான். அவர் வலது கையின் தோல் இளஞ்சிவப்பாக, பளபளவென்று இருந்தது. அந்தக் கையைப் பார்த்ததும்தான் எனக்கு வாய் வந்தது.

"என் பையன். தீ வெச்சது என் பையன், மொரிஷிதா சான். காயோ இல்ல."

அவர் எட்டிப் படிக்கட்டைப் பார்த்தார். யாருமில்லை.

"தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"அவன் ஜாக்கெட் கைல பத்திக்கிச்சு. இந்தக் கையாலதான் அணச்சேன். மொகத்தப் பாக்காம எப்படி அணைக்கறது?"

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். "போலீஸ்ல மொகம் தெரியலன்னு சொன்னீங்களே."

"மஞ்சக் கொடி புடிச்சு ஆறு வருஷம் தினமும் ஸ்கூலுக்கு அவன ரோடு தாண்டி விட்டிருக்கேன். நம்ம கண் முன்னால வளந்த புள்ள. ஒரு தப்புக்காக வாழ்க்கையே போகணுமா?"

"காயோவையும் நீங்கதானே தாண்டி விட்டீங்க?"

அவர் இன்னொரு தடவை படிக்கட்டைப் பார்த்தார்.

"விட்டேன்" என்றார். பிறகு, "அவங்க எப்படியும் ஒரு நாள் போறவங்கதானே, சுகியுரா சான்."

கெட்ட மனிதர் இல்லை அவர். மழைநாளில் இவோனியின் குடையைச் சரிசெய்து கொடுத்தவர். அவர் அதைச் சொன்ன விதத்தில் வெறுப்பு துளியும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏனென்றால், நானும் அதையேதான் நினைத்திருந்தேன்.

வெந்த கையும் நல்ல கையுமாக நீட்டிப் பெட்டியை வாங்கிக்கொண்டார். "இந்த விஷயம் முடிஞ்சுபோச்சு. கட்டடத்துக்கு ஏற்கெனவே ஒரு மன்னிப்பு வந்தாச்சு. ரெண்டாவது வேண்டாம். பையன நல்லாப் படிக்கச் சொல்லுங்க." மெதுவாகக் கதவைச் சாத்தினார்.

இவோனியிடம் 'போவேன்' என்று சொன்னேனே, போய்விட்டு வந்தேன். ஒரு மாடி இறங்கினால் என் வீடு. நான் அந்தக் கதவைத் திறக்க வெகுநேரம் ஆயிற்று.

ரியோஹெய் நான் உட்கார வைத்த இடத்திலேயே, சீருடையில், முழங்கால் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தான். மேசை மேல் அவனுடைய மாணவர் அட்டையை எடுத்து வைத்திருந்தான், போலீஸில் கேட்பார்கள் என்று.

"என்ன சொன்னாங்கம்மா?"

பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். தேவைப்படவில்லை.

"நன்றி சொன்னாங்க."

அவன் என் முகத்தையே பார்த்தான். வா போகலாம் என்று நான் சொல்லக் காத்திருந்தான். சுவர்க்கடிகாரத்தில் பதினொன்று நாற்பது. போலீஸ் நிலையம் நடந்து போனால் பன்னிரண்டு நிமிடம். நான் பையை மடித்து இழுப்பறையில் வைத்தேன். அவன் இன்னும் கொஞ்சம் காத்திருந்தான். பிறகு கையை உயர்த்திக் கழுத்துப் பொத்தானைக் கழற்றினான்.

மத்தியானத்துக்கு என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.